லூமிப் புளியாணம்

மகள்,

ஸலாம். நாங்கள் இருவரும் இங்கே சுகம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். கிணற்றைத் தாண்டினால் உன் குசினி ஜன்னல். நீ அதில் நின்று வெங்காயம் உரிப்பது நான் இருக்கும் இடத்திலிருந்தே தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கும் மகளுக்கு எவளாவது கடுதாசி எழுதுவாளா என்று கேட்பாய். நான் எழுதுவேன். நாலு வருஷம் உன்னோடு கடுதாசியில் மட்டும் கதைத்தவள் நான். முகத்தைப் பார்த்துக் கதைக்கும் பழக்கம் அப்போது விட்டுப்போனது, திரும்பி வந்த பிறகும் ஒழுங்காக வரவில்லை. உனக்குக் கலியாணம் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். நம் ஊர் வழக்கப்படி வீடு உனக்காகிவிட்டது, நானும் வாப்பாவும் பின்வளவில் கட்டிய சின்ன அறைக்கு வந்துவிட்டோம். அதில் எனக்குக் கவலை இல்லை. உனக்கென்று கட்டிய வீடுதான் அது. கவலை வேறு. உன்னைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில் நான் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்த வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஆறு வருஷமாக உன்னிடம் ஒன்றை மறைத்தேன். நீயும் என்னிடம் ஒன்றை மறைத்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது. இதைப்பற்றி நாம் இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கதைக்காமலே விட்டால் இனி எப்போதும் கதைக்கமாட்டோம் என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் குவைத்துக்குப் போனது எழுபத்தெட்டில். உனக்கு எட்டு வயது. வாப்பாவுக்குக் கடை சரியாகப் போகவில்லை, பெண்பிள்ளை இருக்கிற வளவில் ஒரு வீடு எழும்ப வேண்டும், நம் தெருவில் அதற்குள் இரண்டு பேர் போயிருந்தார்கள். இவ்வளவுதான் காரணம். உன்னை என் தங்கச்சியிடம், உன் சாச்சியிடம் விட்டேன். அங்கே வீட்டுக்காரப் பெண்ணை வேலைக்காரிகள் 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும், அது அந்த ஊர் வழக்கம். நான் யோசிக்காமல் முதல் கடுதாசியில், 'மாமா நல்ல மாதிரி, மாமாவின் அறைக்குப் பக்கத்தில்தான் எனக்குப் படுக்கை' என்று எழுதிவிட்டேன். வாப்பா அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் கடை திறக்கவில்லையாம். கடைசி வரியில் 'மாமாவுக்கு வயிற்றில் பிள்ளை, மாசம் ஏழு' என்று இருந்ததைச் சாச்சி காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்ததாம். இதைச் சொல்லி நம் வீட்டில் எத்தனை தரம் சிரித்திருப்போம். நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் அந்தக் குசினியில் நடந்த மற்றதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போய் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சட்டி கொதிக்கும்போது நம் பழக்கத்தில் அகப்பையால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். மாமா கதவடியில் நின்று பார்த்துவிட்டார். ஏசவில்லை. அகப்பையை வாங்கிக் கழுவினார், என் வாயைக் காட்டினார், சட்டியைக் காட்டினார், விரலை ஆட்டினார். வேலைக்காரியின் வாய் அந்த வீட்டுச் சட்டியோடு சேரக்கூடாது. அன்றிலிருந்து சமைப்பது நான், ருசி பார்ப்பது அவர். சின்னக் கரண்டியில் எடுத்து நீட்டுவேன். விரலை மேலே தூக்கினால் உப்புப் போதாது, கையை விரித்தால் போதும். நோன்பு மாசத்தில் நம் பெண்கள் வாயில் வைக்காமல் சமைப்பதைப் போல நான் நாலு வருஷம் சமைத்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும் ஆறிப்போனதை நின்றபடி சாப்பிடுவேன். வயிறு நிறையும், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டாம் வருஷம் ஒரு நாள் சீனி என்று நினைத்து உப்பைத் தேத்தண்ணியில் போட்டுக் குடித்தேன். முக்கால் கோப்பை குடித்த பிறகுதான் ஏதோ பிழை என்று பட்டது. பயப்பட்டிருக்க வேண்டும். பயமும் வரவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

எண்பத்திரண்டில் வந்து இறங்கியபோது நீ சாச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பன்னிரண்டு வயது. நான் நினைத்ததைவிட உயரமாக இருந்தாய். திரும்பி வருகிற மற்றப் பெண்கள் பிள்ளையைக் கட்டிப்பிடித்து ஊரையே கூட்டி அழுவார்கள். நான், "பள்ளிக்கூடம் போறியா?" என்று கேட்டேன். நீ, "ஓம்" என்றாய். அவ்வளவுதான் நம் சந்திப்பு. எனக்கு உள்ளே ஒன்றும் தோன்றவில்லை, மகள். இதை எழுதக் கை கூசுகிறது. அன்பு இல்லை என்று நினைத்துவிடாதே. கால் மரத்துப்போனால் கால் இல்லாமல் போவதில்லை, ஊன்றினால் தரை தெரியாது, அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தபோது நீ கேட்ட பொம்மையை எடுத்துக் கொடுத்தேன். பொம்மைக்கு விளையாடும் வயது உனக்குத் தாண்டிவிட்டது என்று எனக்கு யாரும் எழுதவில்லை. பொம்மைக்குக் கீழே ஒரு பை லூமி இருந்தது. உப்புத்தண்ணியில் அவித்துக் கறுக்கும்வரை வெயிலில் போட்ட எலுமிச்சங்காய், அங்கே அது இல்லாமல் சோறு இல்லை. சாச்சி மூக்கைச் சுளித்தாள். "என்ன ராத்தா இது? அழுகின எலுமிச்சங்காயையா இவ்வளவு தூரம் தூக்கிக்கிட்டு வந்த?" நான் பதில் சொல்வதற்குள் பாதியைக் கிணற்றடியில் கொட்டிவிட்டாள். கோழி கூடக் கொத்தவில்லை.

மறுநாள் எல்லோரும் என் கையால் மீன் ஆணம் வேண்டும் என்றார்கள். வைத்தேன். வாப்பா, "நல்லா இரிக்கி" என்றார், விருந்துக்குப் போன வீட்டில் சொல்லும் குரலில். நீ இரண்டு வாய் சாப்பிட்டாய். "சாச்சிட மாதிரி இல்ல" என்றாய். பிள்ளை உள்ளதைச் சொன்னாய், பிழையில்லை. எனக்கு ஏன் மாதிரி இல்லை என்றும் தெரியவில்லை, எது கூட எது குறைய என்றும் தெரியவில்லை. என் கையைப் பார்த்தேன். அது யாரோ ஒருத்தியின் கையைப் போல இருந்தது. அந்த இடத்தில், "எனக்கு ருசி விளங்குதில்ல, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மற்றது ஒன்றும் நடந்திருக்காது. நான் வேறு வழி கண்டுபிடித்தேன். இவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சமைத்தால் இவர்கள் எதை வைத்துப் பிழை சொல்வார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை அந்த ஊர் மச்பூஸ் சோறு ஆக்கினேன். அங்கே இறைச்சி, இங்கே இறால். அங்கே நீட்டரிசி, இங்கே கீரிச்சம்பா. லூமியைக் குத்தி உள்ளே போட்டு, அங்கே எவரும் செய்யாத மாதிரி தேங்காய் முதற்பாலும் ஊற்றினேன். வாப்பா சோற்றுக் கோப்பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சோறு இரிக்கி. ஆணம் எங்க?" "இதுக்கு ஆணம் இல்ல. குவைத்துல இப்பிடித்தான்." "குவைத்துக்காரன் விக்கிச் செத்துப்போக மாட்டானா?" அதைக் கேட்டு நீ சிரித்தாய். நான் வந்த பிறகு நீ சிரித்தது அதுதான் முதல். ஆணம் இல்லாமல் இந்த வீட்டில் சோறு இறங்காது என்று தெரிந்ததும், அடுத்த தரம் பழப்புளிக்குப் பதிலாக லூமியைப் போட்டு, மாசிக் கருவாட்டுத் தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரு புளியாணம் வைத்தேன். கறுப்பும் மஞ்சளுமாக, பார்க்க ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் வாப்பா மூன்று தரம் ஊற்றினார். தெருவில் அதற்கு உடனே பேர் விழுந்தது. குவைத்துச் சோறு, லூமிப் புளியாணம்.

பிறகு நான் நிறுத்தவில்லை என்பது உனக்குத் தெரியும். கடலையை அவித்து அரைத்து, எள்ளுக்குப் பதிலாகத் தேங்காய் சேர்த்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைத்தேன். கோதுமையையும் இறைச்சியையும் குழைய அவித்து அதன்மேல் எருமைத் தயிர் ஊற்றினேன். பிட்டுக்குள் கொத்திய இறைச்சியும் லூமித் தூளும் வைத்து அவித்தேன். பேரீச்சம்பழம் போட்ட வட்டலப்பம் இறுகவே இல்லை, கோப்பையில் ஊற்றித்தான் குடித்தோம், அதையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் குவைத்தில் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துப் புகழ்ந்தார்கள். கொண்டுவந்த லூமி முடிந்ததும் நானே எலுமிச்சங்காய் அவித்துக் கூரைத் தகரத்தில் காயப்போட்டேன். கடற்காற்றுக்குப் பாதி பூசணம் பிடித்தது, மீதி கறுத்தது. ஊர் என்னைக் கைகாரி என்றது. நான் செய்தது அத்தனையும் ஒளிந்துகொள்ளச் செய்தது. உனக்குப் புதிதாகச் சமைத்துப் பார்க்கும் ஆசை இருக்கிறது, அது என்னிடமிருந்து வந்தது என்று உன் புருஷனிடம் பெருமையாகச் சொன்னாயாம். புதிதாகச் செய், நிறையச் செய், எதையும் எதோடும் கலந்து பார். ஆனால் உனக்குத் தெரியாததை மறைக்க ஒரு சட்டியும் அடுப்பில் ஏற்றாதே. அது எனக்குப் பொருந்திய வேலை இல்லை, உனக்கும் வேண்டாம்.

அந்த வருஷங்களில் நீ எப்போதும் என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றாய். சோறு வெந்து வரும் நேரம் பார்த்து, "அகப்பையத் தாங்க உம்மா, நான் கிளறுறன், நீங்க போய் முகத்தக் கழுவிட்டு வாங்க" என்பாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தை வைத்துவிட்டு நேரே குசினிக்குத்தான் வருவாய். பிள்ளைக்குச் சமையலில் ஆசை என்று நினைத்தேன். ஒருவேளை என்னோடு இருக்க ஆசையோ என்றும் ஒரு நாள் நினைத்தேன், ஆனால் அந்த நினைப்பைத் தொடரவில்லை. நான் முகம் கழுவப் போய்விடுவேன்.

உன்னைப் பார்க்க மருதமுனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளுக்கு வருகிறேன். கதையெல்லாம் பேசி முடிந்திருந்தது, பெண்கள் பகல் சாப்பாட்டுக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டால் நாள் வைப்பதுதான் மிச்சம். உன்னைக் காலையிலேயே குளிக்க வைத்துச் சேலை உடுத்தி அறைக்குள் இருத்திவிட்டார்கள். அன்றைக்கு ஒரு நாள் மணப்பெண் குசினிப் பக்கம் வரக்கூடாது. சாச்சி உன் தலையோடு மினைக்கெட்டாள். நான் தனியாக, ஆறு வருஷத்தில் முதல் தரம் முழுக்கத் தனியாக, குவைத்துச் சோறும் லூமிப் புளியாணமும் ஆக்கினேன். விருந்து என்று ஒரு பிடி உப்பைக் கூடப் போட்டேன். கூரையில் காய்ந்த என் லூமியிலும் உப்பு இருந்தது, மாசியிலும் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் மாமி வந்து உட்கார்ந்ததும், "நல்ல வாசம். ஆக்கின ஆரு தங்கச்சி?" என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவள் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "எல்லாம் மகள்தான். நான் கிட்டவும் போகல்ல."

ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தார்கள். முதல் பிடிக்குப் பிறகு ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். பிறகு இன்னொருத்தி கேட்டாள். செம்பை நான் மூன்று தரம் நிரப்பினேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை, வெயில் என்று நினைத்தேன். உன் மாமி மட்டும் தன் முன்னாலிருந்ததைக் கடைசிவரை சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, "மாஷா அல்லாஹ், புள்ளைக்குக் கை தாராளம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நீ இருந்தாய். உனக்குக் கேட்டது. எனக்கும் அந்தச் சிரிப்பு எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. "அது நான் ஆக்கினது" என்று சொல்ல நேரம் இருந்தது, வாயும் இருந்தது. நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். இதுதான் நான் செய்த பிழை. பொய் எல்லோரும் சொல்கிற பொய். சிரித்தது நான்.

அவர்கள் போன பிறகு சாச்சி சட்டியில் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்துத் துப்பினாள். "ராத்தா, கடல்தண்ணியையா ஊத்தின?" நீ சேலையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வந்து சஹன்களைக் கழுவ உட்கார்ந்தாய். பத்து நாள் மருதமுனையிலிருந்து பதில் இல்லை. பெண்ணுக்கு உப்புப் போடத் தெரியாதாம் என்று கதை நம் தெருவுக்கு வந்து சேர இரண்டு நாள்தான் எடுத்தது. பத்தாம் நாள் காலை பக்கத்து வீட்டுப் பெண் வந்து, அரைப்படி அரிசிக்கு எவ்வளவு உப்பு என்று உனக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். நீ தலையைக் குனிந்தபடி, "ஓம் ராத்தா, ஓம் ராத்தா" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் கதவடியில் நின்று பார்த்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

உன் மாமி தறியில் இருந்தார். என்னைக் கண்டும் இரண்டு இழை ஓட்டிவிட்டுத்தான் நிறுத்தினார். நான் உட்காராமலே சொன்னேன். "அண்டைக்கு ஆக்கின நான்தான். புள்ள அடுப்பத் தொடல்ல. எனக்கு உப்பு விளங்காது, கனகாலமா விளங்காது." என் வாயால் அதை முதல் தரம் கேட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். "எனக்கு வாசிக்கத் தெரியா, மகன்தான் வாசிச்சான். நீங்களே வாசிங்க." உன் கையெழுத்து. 'மாமிக்கு, சோற்றில் உப்புக் கூடினது என்னுடைய பிழை. உம்மா சமைத்தால் எப்போதும் நான்தான் உப்புப் பார்த்துத் திருத்துவேன். அன்றைக்கு என்னை அறைக்குள் இருத்திவிட்டதால் வர முடியவில்லை. உம்மாவுக்கு இது தெரியாது. தயவுசெய்து சொல்ல வேண்டாம்.' நான் இரண்டாம் தரமும் வாசித்தேன். உன் மாமி சொன்னார், "அடுத்த நாளே வந்திட்டு இது. புள்ள எழுதிட்டா, மறுகா பெத்தவ வருவாளா எண்டு பாத்துக்கிட்டு இருந்தன். பத்து நாள் எடுத்திட்டீங்க." பிறகு, "இருங்க, தேத்தண்ணி குடிங்க, நாள் வைப்பம்" என்றார். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தேன். தேத்தண்ணியைக் குடித்தேன். அழுகை வரவில்லை. திரும்பும்போது பஸ் கல்முனையில் நின்றதும், கல்முனைக்குடியைத் தாண்டியதும், நம் ஊர் பின்னால் போனதும் எனக்குத் தெரியவில்லை. காரைதீவில் நடத்துநர் வந்து, "எங்க போறீங்க உம்மா?" என்று கேட்டபோதுதான் இறங்கினேன். அங்கிருந்து வெயிலில் நடந்து வந்தேன். நீ கதவைத் திறந்து, "எங்க போனீங்க?" என்று கேட்டாய். "சும்மா" என்றேன்.

ஆறு வருஷம், மகள். நான் முகம் கழுவப் போகும் ஒவ்வொரு தரமும் நீ உப்புப் போட்டிருக்கிறாய், கூடினால் பால் ஊற்றியிருக்கிறாய். ஊர் புகழ்ந்த குவைத்துச் சோறு உன் கையில் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படி அதைக் கண்டுபிடித்தாய், ஏன் ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்று கேட்க நினைப்பேன். பிறகு, வந்து இறங்கிய அன்று நான் கேட்ட கேள்வி ஞாபகம் வரும். அப்படிப்பட்ட உம்மாவிடம் பிள்ளை எதைச் சொல்லும்? கலியாணத்தன்றும் ஊரடங்குக்கு முன்னே எல்லாம் முடிய வேண்டும் என்ற ஓட்டத்தில் உன்னோடு தனியே ஒரு நிமிஷம் நிற்கவில்லை. நிற்க நேரம் இருந்தாலும் சேலை மடிப்பைத்தான் சரி செய்திருப்பேன்.

நேற்றுப் பகல்தான் இந்தச் சின்ன அடுப்பில் முதல் தரம் நான் ஆக்கினேன். வாப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பில்ல புள்ள" என்றார். ஆறு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. "இவ்வளவு நாளும் சொல்லல்ல, இப்ப என்ன புதுசா?" என்று கேட்டேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப மகள் பாத்தாள்தானே" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே என்னைச் சுமந்திருக்கிறீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தது எனக்கே புதினமாக இருந்தது, அங்கிருந்து வந்த பிறகு அப்படி ஒன்று எனக்கு வந்த ஞாபகம் இல்லை. உப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன், அவரே போட்டுக்கொண்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை நான் லூமிப் புளியாணம் வைக்கப்போகிறேன். நீ கிணற்றைத் தாண்டி வா. உன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம், தனியே வா. அகப்பையைக் கேட்காதே, தரமாட்டேன். முகம் கழுவப் போ என்று சொல்லாதே, போகமாட்டேன். உப்புச் சிரட்டையைத் தொடாதே. வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, போதாவிட்டால் போதாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். கூடினால் கூடிப்போயிற்று என்று சொல். அதோடு வேறு எது சொல்ல இருந்தாலும், அந்த நாலு வருஷத்தைப்பற்றி என்ன இருந்தாலும், அதையும் சொல். நான் பதிலுக்குக் கோபித்தாலும் நிறுத்தாதே. வலிக்குமோ என்று பார்க்காதே, மகள். எனக்கு வலிக்க வேண்டும்.

உம்மா